அக்காவின் சரிபங்கு

மீனைப் பங்கு வைப்பதில் எதிர்வீட்டு அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. கல்கத்தாவின் கரியாஹாட் சந்தைக்கு அவரோடு போனால் எனக்குப் பாதி வேடிக்கை, பாதி வெட்கம். மீன்காரர் இலிஷ் என்னும் உல்லம் மீனை அரிவாள்மணையில் வைத்ததுமே அக்கா சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து விடுவார். கொழுப்பு மினுங்கும் வயிற்றுத் துண்டுகள் ஒரு பக்கமும் முள் மண்டிய வால் துண்டுகள் ஒரு பக்கமுமாக விழுந்தால் போச்சு. எல்லாவற்றையும் கலந்து இரண்டு கூறாக வைக்கச் சொல்வார். ஒரு கூறு அவர் கணவருக்கு, ஒரு கூறு அவருக்கு. "பௌதி, வயித்துத் துண்டெல்லாம் தாதாவுக்கு இருக்கட்டுமே" என்று மீன்காரர், அக்காவை அண்ணி என்றும் அவர் கணவரை அண்ணன் என்றும் வைத்து, நல்லெண்ணத்தில் வங்காளத்தில் சொல்லிப் பார்ப்பார். தாதாவுக்கு மட்டும்தான் நாக்கு இருக்கிறதா என்று அக்கா தன் உடைந்த வங்காளத்தில் கேட்டு, தன் நாக்கை நீட்டியும் காட்டி விடுவார். பக்கத்துக் கடைக்காரர்கள் வரை சிரிப்பார்கள். நான் முருங்கைக்காய் பார்ப்பதுபோல் நகர்ந்து விடுவேன்.

பாலிகஞ்சில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. என் கணவரும் அவர் கணவரும் ஒரே அலுவலகம். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா கட்டட இன்ஜினியர், வேறோர் அரசு அலுவலகத்தில். கட்டப்போகும் கட்டடத்தின் தூணும் உத்தரமும் பாரம் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் கையெழுத்து வைப்பது அவர் வேலை. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் பெண். சாரத்தில் ஏற வேண்டாம், கீழேயிருந்தே பாருங்கள் என்று சக ஊழியர்கள் இரக்கப்பட்டால் அன்றைக்கு அவர்தான் முதலில் ஏறுவார்.

பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்கார மாட்டார். கண்டக்டர் யாரையாவது எழுப்பி விட்டு, "வாங்க தீதி, லேடீஸ் சீட்" என்று கூப்பிட்டால், "அவருக்குக் கால் வலிக்குமோ என்னமோ, உக்காரட்டும். எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எழுந்த ஆள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பார். "ஏன் அக்கா இப்படி?" என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் திருநெல்வேலிக்காரர். என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். கும்பகோணத்தில் வளர்ந்த எனக்கு முதல் மாதம் அது காதில் சுருக்கென்றிருந்தது. அப்புறம் அப்படிக் கூப்பிடாவிட்டால் கோபமாக இருக்கிறாரோ என்று தோன்றத் தொடங்கியது.

"ஏட்டி, எங்க வீட்டுல அண்ணம்மாருக்கு முழு முட்டை. எனக்கும் தங்கச்சிக்கும் ஒண்ண நூல் போட்டு அறுத்து ஆளுக்குப் பாதி. மஞ்சக்கரு யாரு பக்கம் கூட இருக்குன்னு நானும் அவளும் அடிச்சுக்கிடுவோம். ரொம்ப நாளு கழிச்சுத்தான் உறைச்சுது, நாங்க சண்டை போட்டது தப்பான ஆளுகூடன்னு. அதுக்கப்புறம் எதுலயும் பாதி முட்டை வாங்குததில்லைன்னு வச்சிக்கிட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில் கச்சேரி கூடும். பாட்டுக் கச்சேரி இல்லை. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அண்ணன், அக்கா, என் கணவர் மூவரும் ரம்மோடு உட்காருவார்கள். நான் எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு, கீழே தெருமுனையில் வாங்கிய கத்தரிக்காய் பஜ்ஜியைத் தீர்ப்பதே கடமை என்று இருப்பேன். என் கணவருக்கு வயிற்றெரிச்சல் உண்டு, ஒரு சுற்றோடு எழுந்து விடுவார். மற்ற இருவரும் தொடர்வார்கள்.

ஊற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. அவர்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மருந்து கொடுத்த அவுன்ஸ் கிளாஸ் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அண்ணன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோடு வரை ஊற்றி, ஒரு தம்ளரில் கவிழ்ப்பார். மறுபடி அதே கோடு வரை ஊற்றி அடுத்த தம்ளரில் கவிழ்ப்பார். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். "உங்க பக்கம் ஒரு சொட்டு கூடிட்டு" என்பார். அண்ணன் தன் தம்ளரிலிருந்து ஒரு சொட்டை எடுத்து இவருடையதில் விடுவார். அவருக்கு இதில் ஒரே பெருமை. "எங்க வீட்டுல ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணுங்கிற பேச்சே கிடையாதும்மா. நான் எவ்வளவோ அவ்வளவு இவளுக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு என்ன கூச்சம். கணவனுக்குத் தெரியாமல் ஒரு வாய் காப்பி கூட அதிகம் குடிக்காத பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு மனிதர் வெளிச்சத்தில் பிடித்து அளந்து மனைவிக்குச் சமமாகக் கொடுக்கிறார் என்றால், அது ரம்மாக இருந்தால் என்ன, பாயசமாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

மகன் வெளியூரில் படிக்கப் போன பிறகு சனிக்கிழமை வெள்ளியைச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் வாரநாட்களும் வந்து ஒட்டிக்கொண்டன. அண்ணன் கல்லூரி நாளிலிருந்து குடிக்கிறவர். அக்கா ஆரம்பித்ததே இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு, நாற்பது தாண்டித்தான். ஆனால் அளவு மட்டும் சமம்.

கெட்டது தெரியத் தொடங்கியபோது எல்லோர் கண்ணும் அண்ணன் மேலேயே இருந்தது. அவர் சத்தமாகக் குடித்தார், சத்தமாக விழுந்தார். ஒருநாள் லிப்ட் வாசலில் விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. துர்கா பூஜை பந்தலில் பூஜைக் கமிட்டியோடு வாக்குவாதம் செய்தார். எதிலும் ருசி இல்லை அவருக்கு. சினிமா பிடிக்கவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, மகன் போன் பண்ணினாலும் ஒரு வார்த்தையில் முடித்து விடுவார்.

அக்காவுக்கு நேர்ந்ததெல்லாம் சத்தமில்லாமல் நேர்ந்தது. சொன்னதையே மறுபடி சொல்வார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டு விடுவார். என்னிடம் வாங்கிய மாவு சலிக்கும் அரிப்பைத் திருப்பித் தந்துவிட்டு, தரவில்லையே என்று மறுநாள் வீடு முழுக்கத் தேடுவார். சின்ன விஷயத்துக்கெல்லாம் பயந்தார், அழுதார். ஒருநாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"ஏட்டி, நான் காளிகாட் மெட்ரோ வாசல்ல நிக்கேன். வீட்டுக்கு எந்தப் பக்கமா வரணும்?"

வருடக்கணக்காகப் போய்வந்த வழி. நான் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அக்காவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. டாக்சியில் ஏறி முகவரியைச் சொல்லச் சொன்னேன். வந்து சேர்ந்ததும், "வெயில்ல கிறுகிறுன்னு வந்துட்டு" என்று முடித்துக்கொண்டார்.

மாதவிடாய் நிற்கிற வயசு, அதனால்தான் என்றாள் கீழ்வீட்டுக்காரி. எனக்கும் அது சரியென்று பட்டது. குடியிருப்பு முழுவதும் ஒரு குரலாகச் சொன்னது வேறு: பாவம் பௌதி, குடிகாரனைக் கட்டிக்கொண்டு கவலையில் மூளையே கலங்கிப் போயிற்று. அந்த இரக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொள்வார், மறுக்க மாட்டார். வீட்டுக்கு இரண்டு தம்ளர் என்பது எங்கள் இரண்டு வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. தெரிந்த நாங்களும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. குடியால் மூளை கெடுவதென்றால் முதலில் அண்ணனுக்கல்லவா கெட வேண்டும்? அவர்தானே பழைய ஆள்.

கடைசியில் என் கணவர் அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி, குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். நானும் அக்காவும் கூடப் போனோம். உள்ளே வார்டு ஆண்களுக்கு. வெளியே தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு, அதில் முழுக்கப் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா, தங்கை என்று மடியில் மாத்திரைப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். "எந்த பேஷன்ட்டோட கார்டியன்?" என்று ஊழியர் கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா கணவர் பெயரைச் சொன்னார்.

டாக்டர் ஒரு வங்காளிப் பெண்மணி, எங்கள் வயதுதான் இருக்கும். அண்ணனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவரைப் பற்றிக் கேட்பதற்காக அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாரத்தில் முதலில் ஏறுகிறவருக்குப் பயமா என்று நினைத்துக்கொண்டே நானும் போனேன். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு அக்கா பாதி பதில் சொல்லி, என்ன கேட்டீர்கள் என்று திரும்பக் கேட்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க குடிப்பீங்களா?"

இத்தனை வருடத்தில் அக்காவிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "நான் எவ்வளவோ அவ்வளவு, டாக்டர். எனக்கு ஒரு சொட்டு கூடாது, இவளுக்கு ஒரு சொட்டு குறையாது." அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

இருவருக்கும் ஒரே சோதனையை வைத்தார் டாக்டர். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு கடிகாரம் வரைந்து, கேட்ட மணியைக் காட்டச் சொன்னார். அண்ணன் வரைந்த கடிகாரம் கோணல்மாணலாக இருந்தாலும் கடிகாரமாக இருந்தது. அக்கா வட்டத்தை அழகாகப் போட்டார், கை பழகிய இன்ஜினியரின் வட்டம். எண்களை எழுதத் தொடங்கினார். எல்லா எண்ணும் வலப்பக்கத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடப்பக்கம் காலி. அவரே அதை நிமிர்த்தித் திருப்பிப் பார்த்தார். எங்கே தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை, தப்பு என்று மட்டும் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

டாக்டர் ஆங்கிலத்தில்தான் பேசினார், என் நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன். ஒரே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் அது ஒரே அளவாக இருப்பதில்லை. பெண் உடம்பில் நீர் குறைவு, வயிற்றிலேயே சாராயத்தை உடைத்துப் போடும் சத்தும் பொதுவாகக் குறைவு. அதனால் ரத்தத்தில் அதிகம் ஏறுகிறது, மூளைக்கும் அதிகம் போகிறது. ஆண் பல வருடம் குடித்து வந்து சேரும் இடத்துக்குப் பெண் சில வருடத்தில் வந்து சேர்ந்து விடலாம். மூளை கெடும் விதமும் இரண்டு பேருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று பார்க்கிறார்கள், சந்தோஷம் என்று உணர வைக்கிற பகுதிகள் உட்பட. "இவருக்கு எதுலயும் ருசி இல்லாமப் போச்சு, உங்களுக்கு எல்லாமே பயமாவும் துக்கமாவும் வந்து மோதுது. ஏன் இப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ரொம்ப காலம் ஆம்பளை மூளையை மட்டும் பார்த்துட்டு, அதையே எல்லாருக்கும்னு எழுதி வச்சுட்டாங்க" என்றார். கெட்டது மீளுமா என்று நான் கேட்டேன். நிறுத்தினால் நிறைய மீளும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, தாமதித்தால் அதுவும் கிடைக்காது என்றார். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, இருவருக்கும் விட்டமின் ஊசியும் மாத்திரைகளும் எழுதினார்.

திரும்பி வரும்போது டாக்சியில் அக்கா வெளியே பார்த்தபடியே வந்தார். கரியாஹாட் மேம்பாலம் வந்ததும் வெடித்தார்.

"இதுலயுமா? ஏட்டி, இதுலயுமா எனக்கு வேற கணக்கு? அதே கிளாசு, அதே கோடு. அவியளுந்தான் குடிச்சாவ. எனக்கு மட்டும் ஏன்? நான் என்ன குறைஞ்சவளா?"

"குறைஞ்சவன்னு யாரு சொன்னா? உடம்பு வேற மாதிரின்னுதானே சொன்னாங்க" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தாம்லா சொல்லுதாவ. சாரத்துல ஏறாத, உன் உடம்பு வேற. பாதி முட்டை போதும், உன் உடம்பு வேற."

வாழ்நாள் முழுக்க "நீ வேறு" என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்தவர்களோடு சண்டை போட்ட ஒருவரிடம், ஒரு நல்ல டாக்டர் உண்மையாகவே "நீங்கள் வேறு" என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? அண்ணன் முன் இருக்கையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து அவர் அளந்து கொடுத்த சமத்துவம் அது. அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

மருந்து ஆரம்பித்த பிறகும் அக்காவை அரித்தது அலுவலகம். கையெழுத்து வைக்கும் வேலையில் இருந்துகொண்டு கடிகாரம் வரையத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "சொன்னா என்ன சொல்லுவானுவ தெரியுமா? பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு அன்னைக்கே சொன்னோமேம்பானுவ. எனக்குப் பொறவு ஒருத்தியையும் அந்த நாற்காலியில உக்கார வைக்க மாட்டானுவ" என்று என் சமையலறை வாசலில் நின்று புலம்பினார். சொல்லாமல் இருந்தால் ஒரு தூண் கணக்கு தப்பிப் போகலாம். சொன்னால் அத்தனை வருடச் சண்டையும் தோற்றதாகி விடும். சில நாள் மருத்துவ விடுப்பில் ஓட்டினார். பிறகு ஒரு காலை நன்றாக உடுத்திக்கொண்டு போய், தனக்கு நினைவு சம்பந்தமான வைத்தியம் நடக்கிறது, டாக்டர் சரி என்று சொல்லும் வரை தன் கணக்கை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். எதிர்பார்த்த பேச்சுகள் எல்லாம் வந்தன. "பேசட்டும். கட்டடம் இடிஞ்சு விழுந்தா, கீழ நிக்கது ஆம்பளையா பொம்பளையான்னா பாக்கும்?" என்றார் என்னிடம். சொல்லிவிட்டு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நிறுத்துவதிலும் இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தொட்டால் அக்கா தொடலாம், அக்கா தொடாத வரை அண்ணனும் தொடக் கூடாது. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். கூறு போட்டே பழகின வீடு, குடியை விடுவதையும் கூறு போட்டது.

ஒப்பந்தத்தை உடைத்தவர் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் அக்கா செருப்பில்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"அவிய பாட்டிலைத் தொறந்துட்டாவ. எனக்கும் ஊத்தி மேசையில வச்சிருக்காவ. நியாயம்தானாம்."

என் கணவர் எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினார். நான் அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். "ஏதாவது வேலை குடுட்டி, சும்மா இருந்தா போயிருவேன்" என்றார். பீன்ஸைக் கொடுத்தேன். நார் எடுத்து நறுக்கத் தொடங்கினார். முடிந்ததும் கேரட்டைக் கொடுத்தேன். அது முடிந்ததும் வெங்காயத்தை உரிக்கச் சொன்னேன், அழுவதற்கும் ஒரு சாக்காயிற்று. இடையில் ஒருமுறை எழுந்து வாசல் வரை போனார். நான் குறுக்கே நிற்கவில்லை. என்னால் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், என்னைவிட ஒரு சாண் உயரம் அவர்.

"அங்க இருக்கது என் பங்கு" என்றார் கதவைப் பார்த்தபடி.

"ஆமா."

"அவியளுக்கு அந்த ஒரு கிளாஸ் ஒண்ணும் செய்யாமப் போகலாம். எனக்கு அப்படிப் போகாதுல்லா?"

"தெரியல அக்கா. டாக்டர் சொன்னதுதான் எனக்குத் தெரியும்."

திரும்பி வந்து உட்கார்ந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் என் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய காய் நறுக்கிக் கிடந்தது. அடுத்த சில நாள் நாங்கள் சாம்பாரும் பொரியலுமாகத் தின்று தீர்த்தோம். அண்ணன் அதற்குப் பிறகும் நிறுத்துவார், தொடங்குவார், மறுபடி நிறுத்துவார். அக்கா அவரோடு கணக்குப் பார்ப்பதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டார்.

மாதங்கள் போகப்போக அக்கா திரும்பி வந்தார். எப்படிச் சொல்வது, ஊருக்குப் போனவர் வருவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார். உப்பு சரியாயிற்று. பழைய கிண்டல் வந்தது. அடுத்த சோதனையில் கடிகாரத்தின் எண்கள் வட்டம் முழுக்கப் பரவி நின்றன. வழி மட்டும் முழுதாகப் பிடிபடவில்லை, புது இடம் என்றால் போன் வரும். இன்னும் ஒரு சோதனை பாக்கி என்றார் டாக்டர். அதில் தேறினால் தனியாகக் கையெழுத்து வைக்கலாம் என்று சான்று எழுதித் தருவார். அந்த நாளைத்தான் அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். அந்த டாக்டரிடம் நேரம் கிடைப்பது லேசில்லை, ஒரு முறை தவறினால் அடுத்தது மழைக்காலம் தாண்டித்தான்.

சோதனை நாளன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்துப் பெஞ்சில் வழக்கம்போல் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஊழியர் ஒருவர் எங்களிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "எந்த பேஷன்ட்டோட கார்டியன்?"

"கார்டியன் இல்லை. ஆமியீ பேஷன்ட்" என்றார் அக்கா, நான்தான் நோயாளி என்று. அவர் குரல் எப்போதுமே பெரிய குரல். ஊழியர் புரியாமல் நின்றதால், "மத் கேதாம். ஆமி. குடிச்சுக்கிட்டு இருந்தேன், நான்" என்று வங்காளத்தையும் தமிழையும் கலந்து விளக்கமும் கொடுத்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சற்று விலகினார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, பெஞ்சின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கையில் சங்கு வளையல், வகிட்டில் குங்குமம், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். கணவனை வார்டில் சேர்க்க வந்தவள். அக்காவுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் வங்காளத்தில் கேட்டாள். "தீதி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலேருந்து கூப்பிடப் போக மறந்து போகுது. ரெண்டு தடவை ஆயிடுச்சு. இவரோட கவலையிலதான்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கும் இப்படி மறந்துச்சா? குடியை நிறுத்தினதும் திரும்பி வந்துச்சா?"

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். "நீயும் குடிக்கதை உள்ள யாருகிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். தன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்றாள்.

அப்போது கதவு திறந்து அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தார். எழுந்த வேகத்தில் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வாசல்வரை அழைத்துப் போய், ஊழியரிடம் கையைக் காட்டி, தன் முறைக்கு இவள் வருகிறாள், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, சான்று? அடுத்த தேதி எப்போன்னு தெரியுமா உங்களுக்கு? வேணும்னா ஆளுக்குப் பாதி நேரம்னு கேட்டுப் பாப்போமே."

"பாதி நேரத்துல அவ எப்படிட்டி சொல்லி முடிப்பா? முழுசும் அவளே எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.